மாமியும் நானும் எழுதிய உயர்தரம்

என்னைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த வாக்குகளில் ஒன்று, "புள்ள விரும்பினா தொடர்ந்து படிக்கலாம்" என்பது. என் ஊரான கனமூலையில் எங்கள் வீட்டு ஹோலில் உட்கார்ந்து, வட்டிலப்பத்தைக் கரண்டியால் எடுத்தபடி அதைச் சொன்னவர் என் மாமியாகப் போகிறவர். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். பள்ளிப் படிப்பின் முடிவில் வரும் உயர்தரப் பரீட்சையை ஒரு தடவை எழுதி, புவியியலில் எஃப் வாங்கி, இனிப் புத்தகம் என்ற சாமானைத் தொடுவதில்லை என்று நான் முடிவெடுத்திருந்த நேரம் அது. கலியாணம் முடித்தால் படிப்பிலிருந்து தப்பலாம் என்பது நான் சம்மதித்ததற்கு ஒரு காரணம். மாப்பிள்ளையின் சிரிப்பு இன்னொரு காரணம்.

கணவருடைய வீடு கற்பிட்டி ரோட்டில், கடல்நீர் தேங்கும் களப்புப் பக்கம் திரும்பும் ஒரு ஒழுங்கைக்குள் இருந்தது. மாமாவுக்கு வெங்காயத் தோட்டம். கணவருக்கு ஒரு பைபர் போட். பருவத்தில் டொல்பின் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களை ஏற்றுவார், மற்ற நாட்களில் தீவுகளுக்குச் சாமான் ஏற்றுவார். இந்த இரண்டு ஆண்களையும், வெங்காயத்தையும், போட்டையும், ஒழுங்கையில் அலையும் கழுதைகளையும்கூட மேய்த்துக்கொண்டிருந்தவர் மாமி.

என் புத்தகங்களை உம்மா ஒரு பெட்டியில் கட்டி அனுப்பியிருந்தார். நான் அவற்றை அலுமாரிக்கு மேலே, கை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். இரண்டாம் மாதம் மாமி தூசு தட்ட வந்தார்.

"மகள், இதெல்லாம் என்ன, சோடினைக்கா வச்சிரிக்கிற?"

"இல்ல மாமி, பொறகு படிப்பம் எண்டு..."

"பொறகு எண்டா எப்ப? மூணு புள்ள பெத்த பொறகா?"

கதிரையில் ஏறி, பெட்டியை இறக்கி, புவியியல் புத்தகத்தை எடுத்து ஈரத்துணியால் துடைத்தார். துடைத்தவர் திறந்தார். திறந்தவர் உட்கார்ந்தார். நான் குசினிக்குப் போய் மீன் கழுவி, கறி கூட்டி, திரும்பி வந்து பார்க்கிறேன், மாமி அதே கதிரையில், மடியில் துடைத்த துணியோடு, ஐம்பதாம் பக்கத்தில் இருந்தார்.

"இங்க பாரு, களப்பப் பத்திப் போட்டிரிக்கி. நம்மட களப்பு மாதிரித்தான்." பிறகு இன்னொரு பக்கத்தைப் புரட்டிவிட்டு, "இந்தச் சோதின என்னப்போல ஆக்களும் எழுதேலுமா?" என்று கேட்டார்.

பகிடிக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "ஓம் மாமி, தனிப்பட்ட பரீட்சார்த்தியா யாரும் எழுதலாம். வயசுக்குக் கட்டுப்பாடு இல்ல" என்றேன். என் வாழ்க்கையில் நான் சும்மா கொடுத்த தகவல்களில் இவ்வளவு பலித்தது வேறொன்றுமில்லை.

பகல் சோற்றின்போது மாமி அறிவித்தார். கணவர் கையிலிருந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே வைத்திருந்தார்.

"உம்மா, ஒங்களுக்கு நாப்பத்தஞ்சு வயசு."

"அதுக்கென்ன? கேள்விப் பேப்பர்ல வயசா கேக்கிற?"

"மருமகளும் மாமியும் ஒண்டா சோதின எழுதினா ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிக்கிற ஆக்களுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுக்க வேணாம்."

மாமா சாப்பிட்டு, கை கழுவி, துவாயில் துடைத்த பிறகுதான் கேட்டார். "அப்ப சோறு?"

அவருடைய ஒரே கேள்வி அதுதான். அதற்கு மாமி கொடுத்த பதில், "யூடியூப்ல இரிக்கி."

விண்ணப்பம் போடப் பக்கத்துச் சந்தியில் இருந்த கொமினிகேஷன் கடைக்குப் போனோம். கடைக்காரர் என் விவரங்களை அடித்து முடித்துவிட்டு, மாமியின் அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தார். கணினியைப் பார்த்தார். மறுபடியும் அட்டையைப் பார்த்தார்.

"ராத்தா, உம்மாட ஐ.சி.யக் குடுத்திட்டீங்க போல" என்று என்னிடம் சொன்னார்.

"அது என்ட ஐ.சி. தான். அடிங்க" என்றார் மாமி.

"எந்தப் பாடம்?"

"அவ எடுக்கிறதெல்லாம் எனக்கும்." உணவகத்தில் ஓடர் கொடுப்பதுபோல இருந்தது. தமிழ், இஸ்லாமிய நாகரிகம், புவியியல். இப்படித்தான் என் பாடங்கள் மாமியின் பாடங்களாகின.

வாரக் கடைசியில் புத்தளம் டவுனில் புவியியல் கிளாஸ். முதல் நாள் மாமி கறுப்பு அபாயாவோடும், தோல்பையோடும், கண்ணாடியோடும் உள்ளே நுழைந்ததும் வகுப்பு முழுக்க எழுந்து நின்று ஸலாம் சொன்னது. வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து யாரோ வந்துவிட்டார்கள் என்று படிப்பிக்கிற சேரும் சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டார். மாமி பதில் ஸலாம் சொல்லி, எல்லோரையும் கையால் இருக்கச் சொல்லி, நேராக முன் வாங்கில் போய் உட்கார்ந்து, கொப்பியைத் திறந்தார். சேருக்குப் புரிய ஐந்து நிமிடம் எடுத்தது. அவருக்கு என் கணவரின் வயது இருக்கும். அன்றைக்கு முழுவதும் அவர் முன் வாங்கின் பக்கம் பார்க்காமலே படிப்பித்தார்.

ஆனால் மாமியைப் பார்க்காமல் படிப்பிக்க எத்தனை கிழமைக்கு முடியும்? சேருக்குக் கதை சொல்லும் பழக்கம். எரிமலை என்று தொடங்கி, அவர் இந்தோனேசியாவுக்குப் போன பயணத்தில் ஏறி, அங்கே சாப்பிட்ட நாசி கோரெங்கில் போய் இறங்குவார். மாமி கையை உயர்த்துவார்.

"சேர், இது சோதினைக்கு வருமா?"

"இல்ல ராத்தா, இது பொது அறிவுக்கு..."

"அப்ப எரிமலைக்கே போவம் சேர். நாங்க ரெண்டு பஸ் மாறி வாறம்."

பின் வாங்கில் இருந்த பெட்டைகள் அவருக்குக் கை தட்டாத குறை. அந்த வருடம் பாடத்திட்டம் நேரத்தோடு முடிந்ததாம். சேரே பிறகு சொன்னார்.

வீட்டில் விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் நானும் மாமியும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்காருவோம். எனக்கு நித்திரை வரும். மாமிக்கு வராது. என் தலை சரியும்போதெல்லாம் மேசைக்குக் கீழே என் காலில் ஒரு தட்டு விழும். கடந்த காலக் கேள்விப் பேப்பர்களைச் செய்யும்போது, மாமி தன் விடைத்தாளை இடது கையால் வளைத்து மறைத்துக்கொள்வார், நான் பார்த்து எழுதிவிடுவேன் என்று. நான் பார்த்து எழுதத்தான் முயன்றேன் என்பதால் எனக்குக் கோபிக்கவும் முடியவில்லை. கிளாஸில் வைத்த மாதிரிப் பரீட்சையில் என்னைவிட அவருக்குக் கூடுதல் புள்ளி வந்தது. அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது மாமி எனக்குக் கச்சான் கடலை வாங்கித் தந்தார். ஆறுதலுக்காம். நான் ஒரு கச்சானையும் உடைக்காமல் வீடு வரைக்கும் வைத்திருந்தேன். அடுத்த நாள் காலில் தட்டு விழும் முன்பே எழும்பிப் படிக்கத் தொடங்கினேன். மாமியிடம் தோற்றேன் என்று கனமூலைக்குக் கதை போனால் எங்கள் உம்மா என்னை வாசலில் ஏற்ற மாட்டார்.

குசினி மாமாவின் கைக்குப் போயிருந்தது. யூடியூபில் அவர் யாரோ ஒரு தமிழ்நாட்டுக்காரரின் சமையலைப் பின்பற்றினார். அந்த ஆள் கறிவேப்பிலை போடச் சொன்னால் மாமா நெத்தலி போடுவார். கத்தரிக்காய் என்றாலும் நெத்தலி, பருப்பு என்றாலும் நெத்தலி. ஒரு நாள் நூடில்ஸில் நெத்தலி இருந்தது. கணவர் மூன்று நாளாகக் கற்பிட்டி டவுனில் கொத்து ரொட்டி சாப்பிட்டுவிட்டு வருவது பிறகுதான் தெரிந்தது. மாமி ஒரு குறையும் சொல்லாமல் தின்றுகொண்டே வாசித்தார். அவர் என்ன தின்கிறார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

பரீட்சை மாரிக்காலத்தில் வந்தது. நிலையம் புத்தளம் டவுனில் ஒரு பாடசாலை. தமிழும் இஸ்லாமிய நாகரிகமும் ஒருவாறு முடிந்தன. எங்கள் சுட்டெண்கள் அடுத்தடுத்து வந்திருந்ததால் மாமிக்குப் பின்னால் நேரே நான். தமிழ்ப் பேப்பரின்போது மாமி மேலதிகத் தாள் கேட்டுக் கை உயர்த்திய தடவைகளை எண்ணி எனக்கே பயம் வந்தது. அந்த நேரத்துக்கு நான் இன்னும் முதல் தாளின் பாதியில்தான் இருந்தேன்.

புவியியலுக்கு முதல் நாள் மழை தொடங்கியது, விடியும்வரைக்கும் விடவில்லை. காலையில் ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர். டவுனுக்குப் போகும் வழியில், பாலாவிக்கு முன்னால் ரோட்டுக்கு மேலே தண்ணீர் பாய்கிறது, பஸ் ஓடவில்லை என்று கணவருக்கு யாரோ போன் கோல் எடுத்துச் சொன்னார்கள். ரேடியோவிலோ பரீட்சை வழமைபோல நடக்கும் என்கிறார்கள்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோசம் வந்ததை மறுக்க முடியாது. அல்லாஹ்வாகப் பார்த்து ரோட்டை மூடிவிட்டான், நாம் என்ன செய்வது என்று முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு நின்றேன்.

மாமி மகனைப் பார்த்தார். "ஒன்ட போட் எங்க?"

"உம்மா, நீங்க போட்ல ஏற மாட்டீங்களே."

உண்மைதான். மகன் போட் ஓட்டிச் சம்பாதித்தாலும், மாமி அதுவரை அதில் ஒரு காலையும் வைத்ததில்லை. தண்ணீரைப் பார்த்தால் அவருக்குத் தலை சுற்றும்.

"இண்டைக்கு ஏறுவன்."

மழை நின்றிருந்தது. களப்பு சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது. கணவர் வெள்ளைக்காரர்களுக்கு வைத்திருக்கும் செம்மஞ்சள் நிற உயிர்காப்புச் சட்டைகளை எல்லோருக்கும் கொடுத்தார். மாமிக்கு நடுத்தர அளவுதான் மிச்சம் இருந்தது. மாமி நடுத்தர அளவு இல்லை. மூச்சை உள்ளே இழுத்துப் பிடிக்கச் சொல்லி, கணவர் சிப்பை மேலே இழுத்து மூடினார். "நானும் வாறன்" என்று, முதலிலேயே பெரிய சட்டையொன்றைப் போட்டுக்கொண்டிருந்த மாமாவும் சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார்.

போட் புறப்பட்டதும் மாமி கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஒரு கையால் என் மணிக்கட்டை நெரித்தார். வாயால் ஆயத்துல் குர்ஸி ஓதினார். ஓதி முடித்ததும் மூச்சு விடாமல், "ஈர வலயம், இடை வலயம், உலர் வலயம்" என்றார். பிறகு மறுபடி ஆயத்துல் குர்ஸி. ஒரு அலை அடித்துத் தண்ணீர் தெறித்தபோது இரண்டும் கலந்துவிட்டன.

நடுவழியில் கடற்படைப் படகு ஒன்று எங்களை மறித்தது. அந்த நேரத்தில், அந்தக் காலநிலையில், குடும்பமாகச் செம்மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு களப்புக்குள் போகும் ஆட்களை யாரும் மறிக்கத்தான் செய்வார்கள்.

"கொஹெத யன்னே?" எங்கே போகிறீர்கள் என்று ஒரு இளம் சிப்பாய் கேட்டார்.

மாமி கண்ணைத் திறக்காமலே சிங்களத்தில் பதில் சொன்னார். "விபாகெட, மஹத்தயா." பரீட்சைக்கு, ஐயா.

சிப்பாய் என்னைப் பார்த்தார். "மே நங்கித?" இந்தத் தங்கச்சியா?

"தெந்நம" என்றார் மாமி. இரண்டு பேரும்.

சிப்பாய் என் கணவரைப் பார்த்தார். கணவர் இல்லை என்று தலையாட்டினார். பிறகு மாமாவைப் பார்த்தார். மாமா பதறிப்போய் இரண்டு கைகளையும் ஆட்டி மறுத்தார். கடைசியில் மாமி ஒரு கண்ணைத் திறந்து, தன் நெஞ்சில் விரலை வைத்துக் காட்டினார். சிப்பாய்க்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, எங்களுக்கு முன்னால் படகை விட்டு, டவுன் இறங்குதுறைவரைக்கும் வழி காட்டினார். கடற்படைப் பாதுகாப்போடு பரீட்சைக்குப் போனவர்கள் எங்கள் ஊரில் நாங்கள் இருவர்தான்.

இறங்கியதும் மாமி சட்டையைக் கழற்றப் பார்த்தார். சிப் அசையவில்லை. உப்புப் பிடித்து இறுகியிருந்தது. கணவர் இழுத்தார். மாமா இழுத்தார். தலைவழியாகக் கழற்றலாமென்றால் மாமியின் தோளைத் தாண்டி அது மேலே வராது. மணி அடிக்கும் சத்தம் கேட்டது. மாமி இருந்தபடியே ஓடினார். நான் பின்னால் ஓடினேன்.

மண்டப வாசலில் மேற்பார்வையாளர் நின்றார். வயதான, கண்டிப்பான ஒரு ரீச்சர். காதில் ஏதும் கருவி இருக்கிறதா என்று ஷோலை விலக்கிக் காட்டச் சொல்லி, அனுமதி அட்டை பார்த்து, ஒவ்வொருவராக விட்டுக்கொண்டிருந்தவர், மாமியைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"இது என்ன?"

"களப்பால வந்த, ரீச்சர். கழட்ட ஏலாம இரிக்கி."

"இதோட உள்ளுக்கு விடேலாது."

"கூடாதெண்டு சட்டத்துல இரிக்கா ரீச்சர்?"

மேற்பார்வையாளர் விதிமுறைத் தாளை எடுத்து வாசித்தார். கைபேசி கூடாது, கைக்கடிகார வகைகள் கூடாது, குறிப்புத் தாள் கூடாது. உயிர்காப்புச் சட்டையைப் பற்றி ஒன்றுமில்லை. நோக்குநர் ஒருவர் கத்திரிக்கோல் கொண்டுவந்தார்.

"வெட்டப்படாது!" மாமி இரண்டு கைகளாலும் சட்டையை அணைத்துக்கொண்டார். "இது என்ட மகன்ட தொழில்."

கடைசியில் இரண்டு ரீச்சர்மார் சேர்ந்து சட்டையின் பைகளையும் மடிப்புகளையும் தடவிப் பார்த்தார்கள். தோளில் ஒரு சின்ன விசில் கயிற்றில் தொங்கியது. கடலில் விழுந்தால் ஊதுவதற்கானது. மேற்பார்வையாளர் அதை மட்டும் கழற்றி எடுத்து, தன் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார்.

இப்படியாக என் மாமி புவியியல் பேப்பரை உயிர்காப்புச் சட்டையோடு எழுதினார். எனக்கு முன்னால் அந்தச் செம்மஞ்சள் முதுகு. கதிரைக்கும் மேசைக்கும் நடுவில் அது அடங்காமல், அவர் கையை நீட்டித்தான் எழுத வேண்டியிருந்தது. மண்டபத்தில் ஆரம்பத்தில் கேட்ட கிசுகிசுப்பும் சிரிப்பும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டன. மாமி ஒருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது, பிறகு நின்றுவிட்டது. வெள்ளத்தைக் காட்டி வீட்டில் நிற்கப் பார்த்தவள் நான். தண்ணீருக்குப் பயந்தவர் என் முன்னால் நனைந்த செருப்போடு எழுதிக்கொண்டிருக்கிறார். தேசப்படக் கேள்விக்குப் பக்கத்தைத் திருப்பினேன். முதல் தடவை நான் தொடாமல் விட்டது அது. அன்றைக்கு முழுவதையும் செய்தேன்.

பரீட்சை முடிந்ததும் கணவர் தேத்தண்ணிக் கடையில் தேங்காயெண்ணெய் வாங்கி வந்து சிப்பில் ஊற்றினார். அது வழுக்கிக்கொண்டு இறங்கியது. திரும்பிப் போகும்போது மாமி அந்தச் சட்டையைத் தொடவும் மறுத்தார். மாமா தன்னுடைய பெரிய சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, நடுத்தர அளவை மடியில் வைத்துக்கொண்டார்.

போகும் வழியில் மாமியின் கண்கள் திறந்திருந்தன.

"எப்படி எழுதினீங்க?" என்று மாமா கேட்டார். அவர் மாமியிடம் பரீட்சையைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நல்லம்." மாமி நனைந்த செருப்பைக் கழற்றி உதறினார். "இந்தச் சோதினைக்கு எனக்கு அப்பவும் அட்மிஷன் கார்ட் வந்த. ரெண்டு வருசம் படிச்சிட்டுத்தான் இருந்த. கார்ட் வந்து ரெண்டு நாளால கலியாணத் திகதியும் வந்திச்சி. ரெண்டும் ஒரே கெழம."

கணவர் எஞ்சினை மெதுவாக்கினார். மாமி படித்தது சாதாரண தரம்வரை என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். யாரும் கேட்டதில்லை.

"எனக்கு ஒத்தரும் செல்லல்லியே" என்றார் மாமா.

"செல்லியிருந்தா?"

மாமா யோசித்தார். வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் நல்ல வார்த்தையாகப் பார்த்துச் சொல்லியிருப்பார்கள். மாமா பொய் சொல்லத் தெரியாதவர்.

"கலியாணத்துக்கு மாடு வாங்கிக் கட்டியிருந்தமே" என்றார். பிறகு இன்னும் கொஞ்சம் யோசித்து, "ஆனா பிந்தியிருக்கலாம். சோதின முடியும்வரைக்கும் நான் மாட்டுக்குப் புல்லுப் போட்டிருப்பன்" என்றார்.

மாமி அவரைப் பார்த்தார். வாயை ஷோல் நுனியால் மூடிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்கவில்லை. போட் ஆடியது. மாமாவும் ஏன் என்று தெரியாமலே சிரித்தார். மாமியின் கண்ணில் தண்ணீர் வந்தது சிரிப்பாலா என்று நான் கேட்கவில்லை.

பெறுபேறு வெளிவந்த அன்று கணவர் கைபேசியில் சுட்டெண்ணை அடித்து வாசித்தார். எனக்குத் தமிழில் ஏ, இஸ்லாமிய நாகரிகத்தில் பி, புவியியலில் சி. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு மாமியின் எண்ணை அடித்தார்.

"உம்மா, புவியியல் பி. இஸ்லாமிய நாகரிகம் சி." நிறுத்தினார். "தமிழ் எஃப்."

"எஃப் எண்டா?"

"ஃபெயில், உம்மா."

"நான் கதைக்கிற பாஷையிலயா!"

"கதைக்கிறத்துக்குச் சோதின வச்சிருந்தா ஏ கிடைச்சிரிக்கும்" என்றார் மாமா, கதவுக்குப் பக்கத்தில் பாதுகாப்பாக நின்றுகொண்டு.

விசாரித்ததில் விசயம் வெளிவந்தது. முதல் கேள்வி மாமிக்குப் பிடித்துப்போய்விட்டதாம். கேட்டுக் கேட்டு வாங்கிய தாள்களெல்லாம் அந்த ஒன்றுக்கே போயிருக்கின்றன. மிச்சக் கேள்விகளுக்கு நேரம் இல்லை. "நல்ல கேள்வி மகள், அத எப்படி அரைவாசியில விடுற?" என்றார். புவியியலில் என்னைவிட அவருக்குக் கூடுதல் என்பதை அன்றைக்கு யாரும் சொல்லிக் காட்டவில்லை. மாமி மட்டும் ஒரு தடவை சொன்னார். பிறகு இரவுச் சாப்பாட்டில் இன்னொரு தடவை சொன்னார்.

மூன்று பாடமும் ஒரே அமர்வில் சித்தியடைந்தால்தான் பாஸ். அடுத்த வருடம் மாமி மறுபடி எழுதினார். இந்தத் தடவை நான் மேசைக்கு எதிரே கைபேசியில் அலாரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரை மணித்தியாலத்துக்கு ஒரு கேள்வி. அலாரம் அடித்தால் வசனம் பாதியில் இருந்தாலும் பேனையை எடுக்க வேண்டும். எத்தனையோ காலைகள் இதற்காகச் சண்டை பிடித்தோம். மூன்றிலும் சித்தி. கம்பஸுக்கு ஆள் எடுக்கப் பார்க்கும் இஸட் புள்ளி மட்டும் போதவில்லை. மாமி சான்றிதழுக்குச் சட்டம் போட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே மாட்டினார். வீட்டுக்கு வருகிறவர்களைத் தண்ணீர் கொடுக்கிற சாட்டில் மாமா அதற்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவார்.

எனக்குக் கிழக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. போகிற நாளில் புத்தளம் பஸ் நிலையத்துக்கு மூன்று பேரும் வந்தார்கள். கணவர் பெட்டியை ஏற்றினார். மாமா ஒரு போத்தல் நெத்தலிச் சம்பலைக் கையில் தந்தார். எனக்கு அழுகை வந்தது. மாமி யன்னலுக்கு வெளியே நின்று என் ஷோலைச் சரிசெய்துவிட்டார்.

"அழாத. நல்லாப் படி."

"ஏலாம போனா மாமி?"

"ஏலாட்டி ஒரு கோல் எடு" என்றார் மாமி. "ஒன்ட இடத்துக்கு நான் வாறன்."

பஸ் வெளிக்கிட்டது. அவர் பகிடி விடுகிறார் என்று நான் ஒரு நிமிடமும் நினைக்கவில்லை.